இரவு எட்டு மணி மின்சாரம்

(ரெட்டியார்பாளையத்தில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்சாரம் என்றால் நாம் வழக்கமாகப் பேசுவது இரண்டு விஷயங்கள். ஒன்று கட்டணம், இன்னொன்று மின்வெட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று இரண்டையும் ஆட்டிவைக்கும் மூன்றாவது விஷயம் ஒன்று உண்டு. அது நேரம். ஒரு யூனிட்டை மதியம் ஒரு மணிக்குச் செலவழித்தாலும் இரவு எட்டு மணிக்குச் செலவழித்தாலும் இன்று நம் வீட்டு மீட்டரில் ஒரே கணக்குத்தான். தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு அப்படி இல்லை. மே மாத இரவில் ப்யூஸ் போவது, கடைசி வீட்டில் மின்விசிறி தவழ்வது, ஆண்டுக்காண்டு கட்டணம் ஏறுவது ஆகிய மூன்றிலும் இந்த நேரக் கணக்குக்குப் பங்கு உண்டு. இன்று அதைத்தான் விளக்கப்போகிறேன்.

முதலில் இரண்டு அளவுகளைப் பிரித்துக்கொள்வோம். இந்தக் கணத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறோம் என்பதைச் சொல்வது கிலோவாட். அப்படி இழுத்தது நேரத்தோடு சேர்ந்து மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்பதைச் சொல்வது யூனிட். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் இடைவிடாமல் ஒரு மணி நேரம் சூடேறினால் ஒரு யூனிட். பத்து வாட் எல்.இ.டி. பல்பு நூறு மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட். ரசீதில் இரண்டும் சமம். ஆனால் அந்த பல்புக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் போல நூறு மடங்கை அந்த அயர்ன் பாக்ஸுக்காகக் கம்பி சுமக்க வேண்டியிருக்கிறது. கம்பியின் கனத்தையும், டிரான்ஸ்பார்மரின் அளவையும், கட்டவேண்டிய மின் நிலையங்களின் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது மாத மொத்தம் இல்லை, எல்லாரும் சேர்ந்து மிக அதிகமாக இழுக்கிற அந்த ஒரு மணி நேரம். அதைத்தான் உச்சத் தேவை என்கிறோம். மின்துறை ஊழியர்கள் ‘பீக் அவர்’ என்பார்கள்.

ரெட்டியார்பாளையத்துக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது? புதுச்சேரி அரசுக்குச் சொந்தமாக இருக்கும் மின் நிலையம் காரைக்கால் பகுதியில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம்தான். நம் யூனியன் பிரதேசத்தின் உச்சத் தேவையோ 500 மெகாவாட் அளவில் இருக்கிறது. மிச்சத்தை வெளியிலிருந்து வாங்குகிறோம். நெய்வேலி நிலக்கரி, கல்பாக்கம், கைகா, கூடங்குளம் அணு நிலையங்கள், தெலங்கானாவின் ராமகுண்டம் அனல் நிலையம் என மத்திய அரசு நிறுவனங்களிடமிருந்து நமக்குப் பங்கு வருகிறது. வந்த மின்சாரம் வில்லியனூர் போன்ற 230 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் இறங்கி, 110 கிலோவோல்ட்டாகி, பிறகு 22 கிலோவோல்ட், 11 கிலோவோல்ட் எனப் படிப்படியாகக் குறைந்து நம் தெருவுக்கு வருகிறது. கடைசிப் படி தெருமுனையில் இரட்டைக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து மூன்று பேஸாகப் பிரிந்து, 230 வோல்ட்டில் வீட்டுக்குள் நுழைகிறது.

வில்லியனூர் சாலையின் இருபுறமும் இவ்வளவு அடுக்குமாடிகள் இல்லாத காலத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். ஒரு மனை, ஒரு வீடு, நாலு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று இருந்த தெருவில் இன்று அதே மனையில் நான்கு குடித்தனம், குடித்தனத்துக்கு ஒரு ஏ.சி., சில வீடுகளில் இரண்டு, மூன்று. கம்பன் நகர், மூலக்குளம், உழவர்கரை எங்கு பார்த்தாலும் இதே வளர்ச்சிதான். வசதி வந்தது நல்லது. அந்த வசதி எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். நடுத்தரக் குடும்பம், மே மாதம். இரண்டு அறையில் ஏ.சி. போட்டாயிற்று. அறை இன்னும் குளிரவில்லை என்பதால் இரண்டும் முழு வேகத்தில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோவாட் என வையுங்கள், மூன்று. மாலையில் எல்லாரும் குளித்ததில் மேல்தொட்டி காலி, மோட்டார் ஓடுகிறது: ஒன்று. நாளை பள்ளிச் சீருடைக்கு அயர்ன் பாக்ஸ்: ஒன்று. இண்டக்‌ஷன் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது: 1.8. வாஷிங் மெஷின் அரை. இட்லி மாவுக்கு கிரைண்டர் 0.2. பிரிட்ஜ், விளக்கு, விசிறி, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து அரை. கூட்டினால் எட்டு கிலோவாட். சிங்கிள் பேஸ் இணைப்பில் அது ஏறத்தாழ 35 ஆம்பியர்.

இப்போது ஏ.சி.யையும் அடுப்பையும் தொட வேண்டாம். மோட்டாரை மதியத்துக்கு மாற்றுங்கள். துணி துவைப்பதைக் காலை பத்து மணிக்கு வையுங்கள். சீருடையை ஞாயிறு பகலில் வாரத்துக்கும் சேர்த்துத் தேய்த்துவிடுங்கள். மாவை நாலு மணிக்கு அரைத்துவிடுங்கள். விடிவதற்குள் நன்றாகவே பொங்கிவிடும். எட்டு கிலோவாட் இருந்த இடத்தில் இப்போது 5.3 தான். எந்த வேலையும் விட்டுப்போகவில்லை. யூனிட்டும் குறையவில்லை. உச்சத்திலிருந்து 2.7 கிலோவாட் இறங்கியிருக்கிறது. இதை ஒரு தெருவில் பத்து வீடு செய்தால் 27 கிலோவாட். 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்றில் கால் பங்குக்கு மேல் சுமை குறைந்துவிட்டது.

அந்த டிரான்ஸ்பார்மரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 100 கே.வி.ஏ. என்றால் அது ஒரு பேஸில் 133 ஆம்பியர் அளவுக்குத்தான் தொடர்ந்து தரலாம். அதில் நாற்பது வீடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எல்லா வீட்டிலும் எட்டு கிலோவாட் என்றால் 320 கிலோவாட் ஆகும். அது எந்த நாளும் தாங்காது. பிறகு எந்தத் துணிச்சலில் அதை அங்கே வைத்தார்கள்? கல்யாண மண்டபத்தில் இருநூறு இலை போடத்தான் இடம் இருக்கும். ஆனால் எண்ணூறு பேருக்குச் சாப்பாடு போட்டுவிடுகிறோம். நாலு பந்தியாக வருவார்கள் என்ற நம்பிக்கை. மின் அமைப்பும் அதே நம்பிக்கையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. எல்லா வீட்டிலும் எல்லாமும் ஒரே கணத்தில் ஓடாது, ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் தொடங்குவார் என்ற கணக்கு அது. நாற்பது வீடும் சராசரியாக இரண்டு கிலோவாட் இழுத்தால் எண்பது, பிரச்சினை இல்லை. வீட்டுக்கு ஒரு ஏ.சி. கூடி சராசரி மூன்றைத் தாண்டினால் 120. டிரான்ஸ்பார்மர் திணற ஆரம்பிக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் எல்லாரும் முதல் பந்திக்கே வந்துவிட்டோம்.

திணறல் என்றால் என்ன? கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். டிரான்ஸ்பார்மருக்குள் செம்பு அல்லது அலுமினியச் சுருள், அதைச் சுற்றிக் காகிதக் காப்பு, அதைக் குளிரவைக்க எண்ணெய். சுருளின் வெப்பம் அதன் வடிவமைப்பு அளவைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு ஆறு பாகைக்கும் அந்தக் காகிதம் மட்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்களின் கணக்கு. முன்பெல்லாம் மாலை உச்சம் பத்து மணிக்கு முடியும். விளக்கை அணைத்துவிட்டு ஊர் தூங்கும், டிரான்ஸ்பார்மரும் விடியும்வரை ஆறும். இப்போது கத்திரி வெயில் நாட்களில் ஏ.சி. விடிய விடிய ஓடுகிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். இரவிலும் புழுக்கம் குறைவதில்லை. டிரான்ஸ்பார்மர் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு டமார் என்று சத்தம் கேட்டுத் தெரு இருளில் மூழ்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

அடுத்து நடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று பேஸில் ஒன்றில் ப்யூஸ் போகிறது. மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருட்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டுக்காரர்கள் மீட்டர் பெட்டிக்கு ஓடி, பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பி, உயிரோடிருக்கும் பேஸுக்குத் தங்கள் மொத்த மின்பளுவையும் மாற்றிவிடுகிறார்கள். ஏற்கெனவே நிறைந்திருந்த அந்த பேஸ் இப்போது இரட்டைச் சுமை தாங்குகிறது. கால் மணி நேரத்தில் அந்த ப்யூஸும் போகிறது. லைன்மேன் வந்து முதல் ப்யூஸைப் போட்டு முடிப்பதற்குள் இரண்டாவது காத்திருக்கிறது. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு பேஸ் போனால், மாற்றிப் போட்டே ஆக வேண்டும் என்றால், ஏ.சி.யையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு விளக்கு, விசிறி, பிரிட்ஜ் மூன்றுக்கு மட்டும் மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே தெருவில் பாதி இரவுத் தொல்லை தீரும்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் மின்னழுத்தம் சரியாக இருக்கும். கம்பி நீள நீள அது குறையும். மின்பளு ஏற ஏற இன்னும் குறையும். தெருக்கோடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தில் ஒரு பல்பும் ஒரு விசிறியும்தான் ஓடுகின்றன. உச்சத்துக்கு அவர்கள் பங்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் ‘லோ வோல்டேஜ்’ முதலில் வருவது அவர்கள் வீட்டுக்குத்தான். நாலு ஏ.சி. ஓடும் வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது. அந்த ஒற்றை அறைக்கு இரண்டும் இல்லை. பிள்ளை வியர்த்து எழுந்து அழுகிறது. உச்ச நேரத்தில் நாம் இறக்கிவைக்கும் ஒரு கிலோவாட் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றும் முகவரி அந்த வீடு.

உச்சம் ஊருக்கு மட்டுமா? நாடு முழுக்க இதே கதைதான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 30ஆம் தேதி இந்தியாவின் உச்சத் தேவை 250 கிகாவாட்டை எட்டியது. இந்த உச்சம் ஆண்டில் சில நாட்கள், அந்த நாட்களிலும் சில மணி நேரம்தான் நிற்கும். அந்தச் சில மணி நேரத்துக்காக நிலையங்களும் கம்பிகளும் ஆண்டு முழுதும் காத்திருக்க வேண்டும். அவற்றின் வட்டியையும் பராமரிப்பையும் நாம்தான் கட்டணத்தில் தருகிறோம். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு நீரை ஏற்றிவைத்து, உச்ச நேரத்தில் அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம், திரும்பக் கிடைப்பதைவிட அதிகம். அந்த நட்டத்தையும் ஏற்றுக்கொண்டு அதை நடத்துகிறார்கள் என்றால், உச்ச நேர மின்சாரத்தின் மதிப்பு என்ன என்று எண்ணிப் பாருங்கள். மின்சாரச் சந்தையில் இன்று சூரிய ஒளி நிறைந்த பகலில் சில நேரம் யூனிட் ஒன்றிரண்டு ரூபாய்க்கும் இறங்குகிறது; மாலை ஏறினால் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் இடையே அவ்வளவு தூரம்.

வீடுகளால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். 2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்கு நேரம். இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்து அகல் ஏற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். அன்று யாரும் ஏ.சி.யை நிறுத்தச் சொல்லவில்லை, பிரிட்ஜை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டு விளக்குகள் மட்டும்தான். அந்தச் சில நிமிடங்களில் நாட்டின் மின் தேவை 31,089 மெகாவாட் சரிந்தது. மின் தொகுப்பை இயக்குவோர் கணித்திருந்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். நீர் மின் நிலையங்களைச் சட்டென்று இறக்கி ஏற்றி அவர்கள் அந்த இரவைச் சமாளித்தது பெரிய திறமை. நமக்கு அதில் இருக்கும் பாடம் வேறு. ஒரு வீட்டின் சுவிட்ச் சிறியது. வீடுகள் சேர்ந்து ஒரே நேரத்தில் அதைத் தொட்டால் நாட்டின் மின் தொகுப்பே அசையும்.

அண்டை நாடான இலங்கை இதில் நமக்கு முன்னே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை உச்ச நேரம் என்று வகுத்து, விரும்பும் வீடுகளுக்கு நேரவாரிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். இரவு பத்தரைக்கு மேல் விடியற்காலை ஐந்தரை வரை விலை குறைவு. இன்னொரு பக்கமும் அவர்கள் அனுபவத்தில் தெரிந்தது. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறில் தீவு முழுதும் இருண்டது. விடுமுறை நாள், தேவை குறைவு. கூரைச் சூரிய மின்சாரமோ நிறைய. பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவாக ஓடிய அந்த வேளையில் மின் தொகுப்பால் அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை வீடுகளைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. பகலில் மிஞ்சுகிறது, இரவில் போதவில்லை. நம் நாடும் அதே பாதையில்தான் போகிறது.

சூரியத் தகடு பற்றி இங்கே பலருக்கு ஆர்வம் இருப்பது தெரியும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் என மானியம் உண்டு. போடுங்கள், நல்ல முதலீடு. ஆனால் பேட்டரி இல்லாத தகடு இரவு எட்டு மணிக்கு ஒரு வாட்கூடத் தராது என்பதை மனதில் வையுங்கள். தகடு போட்டவர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் வழக்கம்போல மாலையிலேயே ஓட்டினால், ரசீது குறையும், தெருவின் உச்சம் அப்படியே நிற்கும். தகடும் பகல் பழக்கமும் சேர்ந்து வந்தால்தான் முழுப் பயன்.

சட்டமும் இந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன; 2023 ஜூனில் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தின்படி நாளின் எட்டு மணி நேரம் ‘சூரிய நேரம்’. அந்த நேரக் கட்டணம் வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு மலிவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு, வணிகத்துக்கும் தொழிலுக்கும் குறைந்தது 20 விழுக்காடு கூடுதல். விவசாயம் தவிர்த்த எல்லாருக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் என்று காலக்கெடு வைத்தார்கள். நேரத்தைப் பதிவுசெய்யும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் நடைமுறையில் இது முடியும். கணக்குக்காக யூனிட் ஆறு ரூபாய் என வையுங்கள். சூரிய நேரத்தில் 4.80, உச்ச நேரத்தில் 6.60. வித்தியாசம் ஒரு ரூபாய் எண்பது காசு. மாதம் அறுபது யூனிட் வேலையை மாலையிலிருந்து பகலுக்கு மாற்றும் வீட்டுக்கு 108 ரூபாய் மிச்சம்.

அந்தத் திருத்தத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு பாதுகாப்பு உண்டு. ஸ்மார்ட் மீட்டர் வைத்தபின், அது காட்டும் உச்ச அளவைக் கொண்டு பழைய மாதங்களுக்கு அபராதம் போடக் கூடாது. நமக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்துவதாக இருந்தாலும், ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை அதைத் தாண்டியிருந்தால்தான் உயர்த்தலாம். இது பலருக்குத் தெரியாததால்தான் மீட்டர் மாற்ற வருபவரைக் கண்டாலே பயம் வருகிறது.

புதுச்சேரிக்கு ஸ்மார்ட் மீட்டர் புதிதும் இல்லை. 2012இலேயே மின்துறையும் பவர் கிரிட் நிறுவனமும் சேர்ந்து இங்கே ஸ்மார்ட் கிரிட் முன்னோட்டத்தைத் தொடங்கின. பிறகு மத்திய மின் அமைச்சகம் நாடெங்கும் தேர்ந்த 14 முன்னோட்டத் திட்டங்களில் புதுச்சேரியும் ஒன்று. நகரப் பகுதியில் 30,000க்கும் மேற்பட்ட இணைப்புகளைக் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டது. இவ்வளவு முன்னே இருந்த ஊர் நாம். அந்த அனுபவம் ஒரு தெருவாசிக்கும் வந்து சேராமல் போகக் கூடாது.

இங்கே தனியார்மயம் பற்றியும் கேள்வி எழும். 2020 மே மாதம் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியாருக்குத் தருவதாக மத்திய அரசு அறிவித்ததிலிருந்து இங்கே விவாதம் ஓயவில்லை. 2022இல் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நாம் அறிவோம். மின்துறை பொதுச் சொத்து, அதன் எதிர்காலத்தை மக்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்மார்ட் மீட்டருக்கு முன்பணம் கட்டும் ப்ரீபெய்டு முறை வேண்டுமா வேண்டாமா என்பதும் தனியே விவாதிக்க வேண்டிய விஷயம். ஆனால் யார் நடத்தினாலும் இரவு எட்டு மணிச் சுமை ஒன்றேதான். அதைக் கவனிக்காத நிர்வாகம் எதுவும் நமக்கு நல்ல சேவை தராது.

இனி வீட்டுக்கு வருவோம். என் வேண்டுகோள் எளிமையானது. வீட்டு வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்: காத்திருக்கக் கூடியவை, காத்திருக்க முடியாதவை. தண்ணீர் காத்திருக்கும். துணி காத்திருக்கும். மின் ஸ்கூட்டரின் பேட்டரி இரவு பன்னிரண்டுக்கு மேல் ஏறினாலும் காலைக்குள் நிறைந்துவிடும். இவற்றை மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை ஓட்டாதீர்கள். மோட்டாருக்குத் தானியங்கி மட்டக் கருவி வைத்திருப்பவர்கள் அதோடு ஒரு டைமரும் சேர்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் தொட்டி எப்போது காலியாகிறதோ அப்போது, அதாவது எல்லாரும் குளிக்கும் நேரத்தில்தான், அது மோட்டாரைப் போடும். மார்கழி, தை மாதக் காலையில் இரண்டு கிலோவாட் கீசர் இன்னொரு உச்சத்தை உண்டாக்குகிறது. ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் ஒரே சூட்டில் முடியும்.

காத்திருக்க முடியாதவை உண்டு. வயதானவர் அறையின் ஏ.சி., நோயாளியின் ஆக்சிஜன் கருவி, பிள்ளை படிக்கும் விளக்கு, இரவு வேலை முடிந்து வருபவரின் அடுப்பு. இவற்றில் கை வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கத்திரி வெயிலில் குளிர்ச்சி உயிர்காக்கும் மருந்தும்கூட. அங்கே செய்யக் கூடியது, அதே வேலையைக் குறைந்த கிலோவாட்டில் முடிப்பது. ஏ.சி.யை 24 பாகையில் வையுங்கள். 2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் அந்த அளவில்தான் இயல்பாகத் தொடங்குகின்றன. ஒரு பாகை கூட்டினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. கூடவே விசிறி ஓடட்டும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி முப்பது வாட்டை ஒட்டி ஓடும். ஒரு வீட்டில் நாலு விசிறி மாற்றினால் 180 வாட். நாற்பது வீட்டுக்கு ஏழு கிலோவாட்டுக்கு மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணைப்பு வாங்கியபோது இரண்டு கிலோவாட் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இன்று இரண்டு ஏ.சி. வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பகுதியில் ஏராளம். நிலைக் கட்டணம் கூடுமே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் மின்துறையின் கோப்பில் நம் தெரு எண்பது கிலோவாட்டாக இருக்கும்வரை, புது டிரான்ஸ்பார்மர் கேட்கும் மனுவுக்கு அந்தக் கோப்பே எதிர்ச்சாட்சி சொல்லும். உண்மையான மின்பளுவை எழுதிக்கொடுங்கள்.

மக்களிடம் இவ்வளவு கேட்டபின் மின்துறையிடமும் கேட்க வேண்டும். கோடைக்கு முன் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேஸிலும் ஆம்பியர் அளந்து, ஏறுமாறாக இருந்தால் வீடுகளைப் பேஸ் மாற்றிச் சமன் செய்ய வேண்டும். பகலில் அளந்த கணக்கு இதற்கு உதவாது. எந்த டிரான்ஸ்பார்மர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். நேரவாரிக் கட்டணம் வரும்போது தள்ளுபடியை முதலில் காட்டி, கூடுதலைப் பிறகு கொண்டுவர வேண்டும். மாற்றிக்கொள்ள வழியில்லாத சிறு வீடுகளுக்கு அது சுமையாகக் கூடாது. நம் கட்டணத்தை நிர்ணயிப்பது குருகிராமில் இருக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கோவாவுக்கும் புதுச்சேரி உள்ளிட்ட சில யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான அமைப்பு அது. அதன் பொது விசாரணைகளுக்கு நம் சங்கங்கள் எழுத்தில் கருத்து அனுப்ப வேண்டும். அனுப்பாத ஊரின் கருத்து எந்த ஆணையிலும் இடம்பெறாது.

சேவையிலும் நமக்கு உரிமைகள் உண்டு. 2024 பிப்ரவரித் திருத்தத்தின்படி நகராட்சிப் பகுதியில் புது இணைப்பு ஏழு நாளில் தர வேண்டும்; உழவர்கரை நகராட்சிக்குட்பட்ட நமக்கு அது பொருந்தும். பத்து கிலோவாட் வரையிலான கூரைச் சூரியத் தகட்டுக்குத் தொழில்நுட்பச் சாத்தியம் ஆராய வேண்டும் என்று தாமதிக்க இடமில்லை. குறை தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இந்தப் படிகளைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, இந்தக் கூட்டம் கலைந்ததும் தொடங்கக் கூடிய ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் கே.வி.ஏ. அளவு அதன் மேலே பெயர்ப்பலகையில் இருக்கும். கம்பத்தைத் தொடாமல், தூரத்தில் நின்றே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். அதில் எத்தனை வீடு, எத்தனை ஏ.சி., எத்தனை மோட்டார் என்று தெருவாசிகளே ஒரு தாளில் எழுதுங்கள். மோட்டார் ஓடும் நேரத்தை வீட்டுக்கு வீடு பகலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளை இணைத்து, இரவு நேர மின்பளுவை அளந்து தரும்படி உங்கள் பிரிவின் இளநிலைப் பொறியாளருக்கு எல்லாரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். தன் பங்கைச் செய்துவிட்டு வந்து கேட்கும் தெருவுக்கு மறுப்புச் சொல்வது எந்த அலுவலகத்துக்கும் கடினம். வரும் சித்திரைக்குள் ரெட்டியார்பாளையத்தின் ஒரு தெருவாவது இதைச் செய்து காட்டிவிட்டால், பக்கத்துத் தெரு கேட்காமலே பின்தொடரும். அந்த முதல் தெரு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பிக் கேட்டுக்கொள்கிறேன்.